தினமும் ஓடும் பழைய ஸ்விஃப்டுக்கு 25,000 ரூபாயில் எந்தச் சஸ்பென்ஷன் மாற்றம் பொருந்தும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். வண்டி 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் விடிஐ, ஓடியது 1,12,000 கி.மீ. தினமும் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் போய்வருகிறீர்கள். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வால்பாறை ஏறுகிறீர்கள். வேகத்தடையில் முன்பக்கம் ‘டொக்’ என்கிறது, 90 கி.மீ. வேகத்தில் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது வண்டி மிதப்பதுபோல ஆடுகிறது, கொண்டை ஊசி வளைவில் சாய்வது பயமாக இருக்கிறது. ஒரு கடைக்காரர் வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போடச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய கோயிலோவர் என்கிறார், நண்பர் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே பஃபர் என்ற கட்டையை வைத்தால் போதும் என்கிறார். இந்த மூன்றில் 25,000 ரூபாய்க்கு எது தகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளைப் பார்த்தால், வண்டி தாழ்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அவற்றில் எங்கும் இல்லை. வாங்கிய புதிதில் இருந்த பிடிமானம் போய்விட்டது, அது திரும்ப வேண்டும், முடிந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஷாக் அப்சார்பர் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டு, கடந்த 13 ஆண்டுகளாகச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். பந்தய வண்டிகள் என் துறை அல்ல. உங்கள் வண்டியை நான் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவும் இல்லை. ஆகவே ‘டொக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் நான் சொல்வது அனுமானம்தான். எந்தப் பொருள் என்ன வேலை செய்யும், எது செய்யாது என்பதில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

சஸ்பென்ஷன் என்றாலே எல்லோருக்கும் ஸ்பிரிங்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. மேட்டில் ஏறும்போது வாங்கிய ஆற்றலை அது வைத்துக்கொள்ளாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். திரும்பி வரும் அந்த ஆற்றலை எண்ணெயை நுண்ணிய வழிகளில் பிதுக்கி வெப்பமாக மாற்றிக் கரைப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. இதுபோன்ற கார்களில் உடல்பகுதி நொடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை ஏறி இறங்கும். சக்கரமோ தன் போக்கில் விட்டால் நொடிக்குப் பத்து, பதினைந்து முறை துள்ளும். இரண்டையும் அடக்குவது அந்த ஒரே குழாய்தான். அது தளர்ந்தால் பாலத்தில் மிதப்பதும், வளைவில் திடீரெனச் சாய்வதும், குழியில் சக்கரம் தடதடப்பதும் ஒன்றாகவே வரும். அதே 1,12,000 கி.மீ.யில் ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கலாம். உடையாத, துருவில் அரிக்கப்படாத ஸ்பிரிங்கின் விறைப்பு சொல்லும்படி குறைவதில்லை. ஷாக் அப்சார்பரின் எண்ணெய், சீல், வால்வுத் தகடுகள் ஆகியவை தேய்வது உறுதி. மெதுவாகத் தேய்வதால் தினமும் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. ஆகவே கடைக்காரர்கள் ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குவது தலைகீழ் வரிசை என்பது என் உறுதியான கருத்து.

பணத்தை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குங்கள். முன்பக்க மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, வண்டி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை ஒரு திசையில் மட்டும் நம்பலாம்: இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது, ஆடாமல் நின்றால் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. கையால் அழுத்தும்போது உள்ளே பிஸ்டன் மிக மெதுவாக நகர்கிறது. குழியில் விழும்போது அது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தையும் தொடக்கூடும். சோதனை மேடையில் மெதுவான ஓட்டத்தில் நல்ல எண்ணிக்கை காட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டியதும் கைவிட்டுவிட்ட ஷாக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழாயின் மேல்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் மட்டும் இருந்தால் அது கசிவு ஆகாது. எண்ணெய் கீழே வழிந்திருந்தால் ஷாக்கின் ஆயுள் முடிந்தது. டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் வட்டமாகத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மேடாகவும் அடுத்து பள்ளமாகவும் மாறி மாறி வந்தால் சக்கரம் சாலையில் பதியாமல் துள்ளியிருக்க வாய்ப்பு அதிகம்.

‘டொக்’ சத்தத்துக்கு ஷாக் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை; என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அது வேறிடம். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, நீங்கள் வீல் ஆர்ச்சுக்குள் கை விட்டு முன் ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள்; சீராகச் சுழலாமல் இறுகி நின்று ‘டங்’ என்று விடுபட்டால், ஷாக்கின் தலையை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்டின் பேரிங் போயிருக்கிறது. வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில், அதாவது அதன் மூட்டில் உள்ள ரப்பர் உருளையில், லீவரைக் கொடுத்து நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது தெரியும். சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பியை முன் ஷாக்கோடு இணைக்கும் லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டினாலே அதன் பந்து மூட்டின் தளர்ச்சி விரலுக்குப் புலப்படும். முன் ஷாக்கின் ரப்பர் உறையை மேலே தள்ளி, உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நுரைக் கட்டையையும் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் அதை இரண்டு விரலால் நசுக்கினால் நமத்துப்போன ரஸ்க் போல உதிர்ந்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் வேகத்தடையில் இரும்போடு இரும்பு மோதும். புதிய ஷாக்கைப் போட்டு இந்தச் சிறு கட்டையைப் பழையதே போதும் என்று விட்டால், புதிய ஷாக்கும் சீக்கிரம் கெடும்.

சோதனையில் என்ன தெரிந்தாலும், இந்த ஓட்டத்தில் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. குறைந்தது முன்னிரண்டும் சேர்த்து, அல்லது பின்னிரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். இடப்பக்கம் மட்டும் புதியது என்ற நிலை வளைவில் வண்டியை இரு பக்கமும் இரு விதமாக நடந்துகொள்ள வைக்கும். எதை வாங்குவது? கம்பெனி உதிரிபாகம், அல்லது காப்ரியல், மன்ரோ போன்ற பெயர்களில் இந்தியச் சந்தையில் விற்கும், ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் உள்ள இரட்டைக் குழாய் வகை. இதற்கு மேல் உங்கள் பயன்பாட்டுக்குத் தேவையில்லை. கடையில் வாயு ஷாக், எண்ணெய் ஷாக் என்று பிரித்து, வாயு என்றால் விறைப்பு என்பார்கள். அது பாதி உண்மை. வாயு ஷாக்கிலும் வேலை செய்வது எண்ணெய்தான். இரட்டைக் குழாய் வகையில் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்படும் நைட்ரஜன், வேகமான ஓட்டத்தில் எண்ணெய் நுரைத்துப் போகாமல் காக்கிறது. பொள்ளாச்சிச் சாலையை விட, ஆழியாறிலிருந்து வால்பாறை வரையுள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து வேலை வாங்கும்போதுதான் இந்த வேறுபாடு தெரியும். ஒற்றைக் குழாய் உயர் அழுத்த வகை, பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டுவந்த வடிவமைப்பு, இன்னும் சிறந்தது. ஆனால் அந்த வகையில் நல்ல தரமானதை வாங்க உங்கள் தொகை முழுதும் போதாது. மலிவான ஒற்றைக் குழாயைவிட ஒழுங்கான இரட்டைக் குழாயையே நான் வைத்துக்கொள்வேன். காப்ரியலா மன்ரோவா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஒரே வண்டியில் இரண்டையும் வரிசையாகப் போட்டு அளந்தவன் அல்ல நான், ஆகவே ஒன்றைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். போலிப் பெட்டிகள் புழக்கத்தில் இருப்பதால், பில் தரும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குவது பிராண்டைவிட முக்கியம்.

வாங்குவதைவிடப் பொருத்துவதில்தான் அதிகம் கெடுகிறது. இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். புதிய இரட்டைக் குழாய் ஷாக் பெட்டிக்குள் படுத்துக் கிடந்திருக்கும். உள்ளே பிஸ்டன் நகரும் எண்ணெய் அறைக்குள் காற்று புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அழுத்தி, நான்கைந்து முறை செய்தால் ஆரம்பத்தில் இருந்த வெற்று இடைவெளி மறைந்து சீரான தடை கைக்குத் தெரியும். அதன் பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது தண்டு சுழல்கிறது என்று அந்தப் பளபளப்பான குரோம் தண்டைக் கட்டிங் பிளேயரால் கவ்விப் பிடிக்கும் மெக்கானிக் இன்னும் இருக்கிறார்; அந்த ஒரு கீறல் சீலை அறுத்து, சில மாதத்தில் எண்ணெயை வெளியே கொண்டுவரும். லோயர் ஆர்ம் புஷ், பின் ஆக்சில் புஷ் ஆகியவற்றின் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து, வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் இறுதி இறுக்கம் தர வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். புதிய புஷ் ஆறு மாதத்தில் கிழிந்தது, பொருள் சரியில்லை என்று என்னிடம் வந்தவற்றில் பலவும் இந்தக் கதைதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த முன் ஸ்டிரட்டைப் பிரிப்பதற்கு, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அந்த ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் விசை நூற்றுக்கணக்கான கிலோ எடைக்குச் சமம், வீட்டில் முயல வேண்டாம். ஸ்விஃப்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் அது எளிய வேலை. எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

டயரும் சஸ்பென்ஷனின் ஒரு பகுதிதான், அதுவும் மிக மலிவாகத் திருத்தக்கூடிய பகுதி. உங்கள் விடிஐக்கு வந்த அளவு 165/80 ஆர் 14. அதன் பக்கச் சுவரின் உயரம் 132 மி.மீ. உயர்வகை மாடலின் 185/65 ஆர் 15 அளவில் அது 120 மி.மீ.; டயரின் மொத்த விட்டமோ இரண்டிலும் கிட்டத்தட்ட 620 மி.மீ. ஆகவே ஸ்பீடோமீட்டர் மாறாமல், வளைவில் டயர் மடிவது குறைந்து, ஸ்டியரிங் தெளிவாகும். டயர் தேய்ந்து மாற்றும் காலம் நெருங்கியிருந்தால், பழைய 15 அங்குல கம்பெனி வீல்களோடு இந்த அளவுக்குப் போவது நல்ல பலன் தரும் மாற்றம். 16, 17 அங்குலம் வேண்டாம். சுவர் குறையக் குறையக் குழியின் அடி நேராக ரிம்முக்கும் புதிய புஷ்களுக்கும் போகும். இப்போதைக்கு ஒரு ரூபாயும் செலவில்லாத வேலை, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்துக்கு டயரைக் கொண்டுவருவது. 40 பிஎஸ்ஐ காற்று வைத்துக்கொண்டு சஸ்பென்ஷன் கரடுமுரடாக இருக்கிறது என்று வருபவர்கள் மாதம் இருவராவது உண்டு.

இனி உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று வழிகள். லோயரிங் ஸ்பிரிங்கை நான் மறுப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. வேகத்தடையில் சக்கரம் மேலே ஏறும்போது ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல், விறைப்பையும் நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிவரும் அளவில் இருக்கும். மேலே போக 80 மி.மீ. இடமிருந்த வண்டியை 30 மி.மீ. தாழ்த்தினால் மிஞ்சுவது 50. அதே அடியை அந்த 50 மி.மீ.க்குள் தாங்க ஸ்பிரிங் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவை எதுவும் அவ்வளவு விறைப்பில்லை, இருந்தால் அன்றாடம் உட்கார்ந்து போக முடியாது. ஆகவே மீதி அடியை பம்ப் ஸ்டாப் வாங்கும், அதன் பின் உங்கள் முதுகு வாங்கும். இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வட்ட வளைவாக இருக்க வேண்டும் என்றது. நம் ஊர்த் தெருவில் ஒரே நாளில் முளைக்கும் தடைகள் அதில் எதற்கும் கட்டுப்பட்டவை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். தாழ்த்தினால் சாய்வு குறையும் என்பதும் முழு உண்மையல்ல: ஸ்விஃப்ட் போல முன்பக்கம் மக்ஃபெர்சன் ஸ்டிரட் உள்ள வண்டியில் லோயர் ஆர்மின் கோணம் மாறி, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாய்க்கும் நெம்புகோல் நீளுகிறது. கூடுதல் விறைப்பின் பலனில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. இருக்கும் ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்துத் தாழ்த்தித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள். அறுத்த முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாக அமராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறும் ஆபத்து உண்டு.

கோயிலோவர் நல்ல கருவிதான், ஆனால் உங்கள் தொகையில் கிடைப்பது நல்ல கோயிலோவர் அல்ல. இந்த விலையில் வருபவற்றில் உயரத்தை மாற்றும் மரையும் வண்ணப் பூச்சும் இருக்கும்; எந்த வேகத்தில் எவ்வளவு தடை தருகிறது என்ற வரைபடம் இருக்காது. சோதனைப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில், அந்த வரைபடம் இல்லாத ஷாக்கை ஒருவருடைய குடும்பம் போகும் வண்டியில் போட எனக்கு மனம் வராது. வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பதும் தவறான நம்பிக்கை. சீரான ஸ்பிரிங்கில் உயரம்தான் மாறும், விறைப்பு மாறாது. இரண்டு மழைக்காலம் சேறு பட்ட பின் அந்த மரை திரும்புவதே அரிது.

பஃபர் பற்றி எனக்கு இரு மனம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிரிங்கின் இரு சுற்றுகளுக்கு இடையே செருகும் அந்தக் கட்டை, ஒரு சுற்றின் வேலையைப் பெருமளவு நிறுத்திவிடுகிறது. ஆறு சுற்று வேலை செய்த ஸ்பிரிங்கில் ஐந்துதான் வேலை செய்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். வண்டி சற்று உயரும், பின்னிருக்கையில் மூவர் அமர்ந்தாலும் அடி தட்டாது. இந்த அளவுக்கு விளம்பரம் பொய்யல்ல. ஆனால் ஸ்பிரிங் விறைப்பானால் அதை அடக்கும் ஷாக்கும் வலுவாக வேண்டும். தளர்ந்த ஷாக்கோடு பஃபர் வைப்பது, பிரேக் சரியில்லாத வண்டியின் ஆக்சிலரேட்டரைக் கூர்மையாக்குவது போன்றது. வைத்த இடத்தில் ஸ்பிரிங் உடையும் என்று சிலர் சொல்வதை நான் ஓரிரு முறைதான் கண்டிருக்கிறேன்; காரணம் பஃபரா, பூச்சு உரிந்து பிடித்த துருவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. புதிய ஷாக் போட்ட பிறகும் முழுச் சுமையில் பின்பக்கம் தட்டினால், பின் ஸ்பிரிங்கில் மட்டும் முயன்று பார்க்கலாம். அதற்கு முன் பின் ஸ்பிரிங்கின் உயரத்தைப் புதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தாழ்ந்திருந்தால் புதிய கம்பெனி ஸ்பிரிங்தான் சரியான மருந்து.

இரு முன் ஸ்டிரட்டுகளின் தலையையும் இணைக்கும் ஸ்டிரட் பார், ரப்பருக்குப் பதிலாகப் போடும் கடினமான பாலியூரிதேன் புஷ் ஆகியவற்றை வேறு யாராவது சொல்லக்கூடும். முதலாவது உங்கள் வேகத்தில் தெரியாது. இரண்டாவது தெரியும், கீச்சென்ற சத்தமாகவும் ஸ்டியரிங்கில் அதிர்வாகவும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்க்கப்பட்டது. அதே அளவுள்ள ஷாக்கையோ புஷ்ஷையோ மாற்றுவது பராமரிப்புதான், அதில் சிக்கலில்லை. உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் இந்தப் பிரிவுக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளரிடம் அந்த வாதத்தை நடத்த நேரும் என்பதை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, நான்கு ஷாக், முன் மவுண்ட் இரண்டு, பம்ப் ஸ்டாப்பும் உறையும், தேவைப்பட்டால் லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் ராடு இரண்டு, கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்தும் சாதாரண ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் உங்கள் 25,000க்குள் அடங்கும். ஊருக்கும் கடைக்கும் ஏற்ப விலை மாறும் என்பதால் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் முதலில் முன் ஷாக், மவுண்ட், பம்ப் ஸ்டாப் மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள், ஏனெனில் பிரிக்கும் கூலி மூன்றுக்கும் ஒன்றுதான். பின் ஷாக் அடுத்த மாதம் போகலாம். இவ்வளவும் செய்த பிறகும் கொண்டை ஊசி வளைவில் ஓரளவு சாய்வு இருக்கத்தான் செய்யும். அது அந்த வண்டியின் வடிவமைப்பு. மாறுவது சாயும் வேகம்: சட்டென்று விழாமல் மெதுவாகச் சாய்ந்து, வளைவு முடியும்வரை அங்கேயே நிற்கும். பயம் குறைவது அதனால்தான்.

பழைய ஷாக்குகளைக் கழற்றியதும் கடையில் விட்டுவிடாமல், நிமிர்த்திப் பிடித்து ஒருமுறை அழுத்தி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது எங்காவது தடையே இல்லாமல் கை சட்டென்று மேலே வந்தால், பாலத்தில் மிதந்தது ஏன் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நான்கிலும் தடை சீராக இருந்தால் என் அனுமானத்தில் ஏதோ பிசகு. அப்போது டயர் தேய்ந்த விதத்தையும் அலைன்மென்ட் கடையில் தரும் அச்சுத் தாளையும் இங்கே பதிவிடுங்கள், அடுத்து பின் ஆக்சில் புஷ்ஷிலிருந்து தேடலாம்.